உகுலேலேக்கு அடிபட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால்

கிட்டாரைப் போன்ற, நான்கு தந்திகள் கொண்ட சிறு கருவியான உகுலேலே கைதவறி விழுந்தாலும், பூட்டிய காருக்குள் மதிய வெயிலில் கிடந்தாலும், எடுத்தவுடன் அதை மீட்டிப் பார்க்கத்தான் கை போகும். அந்த ஆவலைச் சற்று அடக்கிக்கொண்டு, முதலில் நான்கு தந்திகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்த்திவிடுங்கள். நைலான் தந்தியின் இழுவிசை கிட்டாரின் இரும்புத் தந்தியைவிட மிகக் குறைவுதான். ஆனால் அதைத் தாங்கும் மேற்பலகையின் கனமும் சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். விரிசல் ஏற்பட்டிருந்தால் அந்த இழுவிசையே அதை நீளச் செய்துவிடும். தந்திகளை முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. மேற்பலகையில் தந்திகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜின் மேலிருக்கும் சிறு எலும்பு அல்லது பிளாஸ்டிக் துண்டு பல கருவிகளில் ஒட்டப்படாமல் வெறுமனே பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், கழற்றினால் அது எங்காவது விழுந்து தொலைந்துவிடக்கூடும்.

மதுரையில் இருப்பவர்கள் விழுந்த அடியை மட்டும் பார்த்தால் போதாது. 1879-ல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்கு வந்து சேர்ந்த போர்த்துகீசிய மரத்தச்சர்களின் கைவழியே உருப்பெற்ற கருவி இது. கடற்காற்றின் ஈரத்திலேயே வளர்ந்தது. நம் சித்திரை, வைகாசி வெயிலில் முழுமர உகுலேலே ஈரத்தை இழந்து சுருங்கும்போது, மேற்பலகை மரவரியை ஒட்டியே பிளக்கலாம், பிரிட்ஜ் பசை விட்டு எழும்பலாம். கழுத்தின் ஓரத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் விரலைக் கீறினால், மரம் சுருங்கி உலோகம் அப்படியே நிற்கிறது என்று பொருள்; விரிசல் வருவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது. ஒட்டுப்பலகையால் செய்த கருவி இந்த அளவுக்கு வறட்சியால் பாதிக்கப்படாது.

இனி, நல்ல வெளிச்சத்தில் கருவியைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு பகுதியாகப் பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தாளின் முனையை நுழைக்கப் பாருங்கள்; உள்ளே போனால் பசை விட ஆரம்பித்திருக்கிறது. பக்கப்பலகையும் மேற்பலகையும் சேரும் இணைப்பைச் சுற்றிவர நகத்தால் தடவுங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தையும், தலைப்பகுதி பின்னோக்கிச் சாயும் இடத்தையும் இரண்டு முறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் விழும்போது பெரும்பாலும் அடி வாங்குவது தலைப்பகுதிதான். பிறகு, மானாமதுரையில் கடம் வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதைப் போல, மேற்பலகையை விரல் நுனியால் பல இடங்களில் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ‘சரசர’ என்ற ஓசை கேட்டால், உட்புறத் தாங்குகட்டை ஒன்று கழன்றிருக்கலாம்.

கண்ணில் பட்ட கோடு மரத்தின் விரிசலா, வெறும் பாலிஷ் விரிசலா என்பதுதான் பலரையும் கலங்கவைக்கும் கேள்வி. பாலிஷ் விரிசல்கள் பெரும்பாலும் மயிரிழையாக, பல கோடுகளாக, மரவரியைப் பொருட்படுத்தாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். மரவிரிசல் பெரும்பாலும் ஒற்றைக் கோடாக மரவரியோடு போகும். இருபுறத்தையும் மெல்ல அழுத்தினால் ஒருபக்கம் இம்மியளவு தாழ்வது தெரியும். அதிலும் ஐயம் தீரவில்லையென்றால், இரவில் அறையை இருட்டாக்கி, சாவிக்கொத்தில் தொங்கும் சிறு எல்இடி விளக்கை ஒலித்துளை வழியாக உள்ளே இறக்கிப் பாருங்கள். கோட்டின் வழியே வெளிச்சம் ஊசியாகக் கசிந்தால், பிளவு மரத்தை ஊடுருவியிருக்கிறது. கோட்டின் அருகே அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால், அது வளர்கிறதா நிற்கிறதா என்பது விளங்கிவிடும். பாலிஷ் விரிசல் மட்டும்தான் என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஒலிக்கு அதனால் கேடில்லை.

மரம் பிளந்திருந்தால் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைத் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். அது பாலிஷில் கறையாகப் படியும். விரிசலின் இரு விளிம்புகளும் சரியாகச் சேர்வதற்குள் இறுகிவிடும். பின்னால் பழுது பார்ப்பவர் நல்ல பசையை மரத்துக்குள் செலுத்தவும் வழியிருக்காது. விபத்தால் கெட்ட கருவிகளைவிட அவசரப் பசையால் கெட்டவை அதிகம் என்பதே என் எண்ணம். பிய்ந்து வந்த சிராய் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், காகித உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதே மரம் அதே இடத்தில் அமர்ந்தால் ஒட்டு ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாது.

வறட்சியால் வந்த விரிசலானால், ஒட்டுவதற்கு முன் மரத்துக்கு ஈரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துளையிட்ட சோப்பு டப்பாவுக்குள், நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, அதை உகுலேலேயுடன் மூடிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஈரம் மரத்தை நேரடியாகத் தொடக்கூடாது. சிறிய ஈரப்பத மானி ஒன்றையும் உள்ளே வைத்து, அளவு 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். சில வாரங்களில் மெல்லிய விரிசல் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. மூடிய பிறகும் அதை ஒட்டுவித்து, உட்புறம் சிறு மரத்துண்டுகளால் அணைகொடுக்கச் செய்வது அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஸ்பாஞ்சை எடுத்துவிட வேண்டும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, மரத் தந்திக்கருவிகளில் பழகிய கையாக இருக்க வேண்டும். கிட்டாரையோ வீணையையோ திறந்து சரிசெய்தவரிடம், எந்தப் பசை போடப்போகிறார், உள்ளே எவ்வளவு கனத்துக்கு மரம் வைக்கப்போகிறார் என்று தயங்காமல் கேளுங்கள். அறைக்கலன் செய்யும் தச்சர்களின் திறமையில் குறையில்லை. ஆனால் உறுதிக்காக அவர்கள் வைக்கும் கனத்த கட்டை, மேற்பலகையின் அதிர்வைக் கொன்றுவிடும். கொண்டுபோகும்போது தந்திகள் தளர்ந்தே இருக்கட்டும். பேருந்தின் பின்புறச் சாமான் அறையில் போடாமல், மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

பழுது முடிந்து திரும்பி வந்ததும் முதல் நாளே முழுச் சுருதிக்கு ஏற்றிவிட வேண்டாம். பாதியளவு ஏற்றி ஓரிரவு வைத்து, மறுநாள் பிரிட்ஜின் விளிம்பையும் ஒட்டிய கோட்டையும் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள். பின்னர் 12-ஆம் ஃப்ரெட்டில் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தி மீட்டி, அதே இடத்தில் தந்தியை விரலால் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். முன்பு ஒத்திருந்த இரண்டும் இப்போது விலகினால், பிரிட்ஜோ கழுத்தோ இடம் பெயர்ந்திருக்கலாம். வாசிக்கத் தொடங்காமல் பழுது பார்த்தவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.