ஹோஸ்ட் ஃபேமிலி வீட்டில் பத்து மாதம்: அமெரிக்கா போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு

முதல் நாள் ராத்திரி நான் அரை வயிற்றோடு படுத்தேன். வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று அந்த அம்மா கேட்டார். நம்மூர் வழக்கப்படி "வேண்டாம்" என்றேன். மறுபடி கேட்பார், மூன்றாம் தடவை கேட்காமலே தட்டில் வைத்துவிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார். மணி ஆறரை. இனி காலையில்தான் சாப்பாடு.

அயோவா மாநிலத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் அது. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு எக்ஸ்சேஞ்ச் மாணவனாக (அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படிக்கும் மாணவனாக) போய், ஆகஸ்டிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அந்தக் குடும்பத்தோடு இருந்தேன். இந்த வருஷம் கிளம்பப் போகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கிளம்பும் முன், யார் வீட்டுக்குப் போகிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்

1947 முதல் மாணவர்களை அனுப்பிவரும் ஏஎஃப்எஸ் போன்ற அமைப்பு வழியாகப் போகலாம். 2002-ல் தொடங்கிய, அமெரிக்க அரசின் கென்னடி-லூகர் யெஸ் உதவித்தொகையில் போகலாம். பள்ளி மாணவருக்கான ஜே-1 விசாவில் எப்படிப் போனாலும் ஒரு விஷயம் பொது: உங்களை வைத்துக்கொள்வதற்கு அந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. பேயிங் கெஸ்ட் கணக்கு இல்லை. தங்கள் செலவில் சோறு போட்டு, உங்களுக்கென்று தனிக் கட்டில் கொடுப்பதற்கு அவர்களாகவே முன்வந்தவர்கள். அந்த வீட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருடைய குற்றப் பின்னணியையும் சரிபார்த்த பிறகுதான் உங்களை அனுப்புவார்கள் என்பதை வீட்டில் பயப்படும் பாட்டியிடம் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். அதில் நல்ல பிள்ளை வேஷம் வேண்டாம். நாய் என்றால் பயமா, எழுதுங்கள். அங்கே நாய் சோபாவில் உங்கள் பக்கத்தில் உட்காரும். சைவமா, "வெஜிடேரியன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். மீன் சாப்பிடுகிறவர்கள்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதுண்டு. கோழி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப், பன்றிக் கொழுப்பு சேர்த்த பீன்ஸ், ஜெலட்டின் சேர்ந்த மார்ஷ்மல்லோ, இதெல்லாம் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று பிரித்து எழுதுங்கள்.

பரிசாக நான் கொண்டுபோனது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. பெட்டியில் இடம் அடைத்தாலும், அந்த வீட்டுக் குட்டிப் பையனிடம் நான் முதலில் பேச அதுதான் சாக்கு.

படி 2: முதல் வாரமே கேட்டுவிடுங்கள்

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொன்னார்கள். அம்மா வயசுக்காரரைப் பெயர் சொல்ல நாக்கு எழவில்லை. மூன்று வாரம் எதையும் சொல்லாமல், எதிரே போய் நின்று அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து ஓட்டினேன். பாவம், ஒருநாள் திரும்பியவர் பயந்து காபியைக் கொட்டிவிட்டார். அன்றிலிருந்து "மாம்".

அப்புறம், குளிக்கும் நேரம். பல வீடுகளில் வெந்நீர் ஒரு டேங்க்தான். நீங்கள் அரை மணி நேரம் நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத்தண்ணீர். பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. ஷவர் திரையின் அடிப்பக்கம் தொட்டிக்கு உள்ளே விழும்படி இழுத்துவிட்டுக் குளிக்க வேண்டும். டாய்லெட்டில் தண்ணீர்க் குழாயும் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் மக் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அறைக் கதவையும் கேளுங்கள். நான் படிக்கிறேன் என்று எப்போதும் சாத்தியே வைத்திருந்தேன். பையன் வருத்தத்தில் இருக்கிறான் என்று அவர்கள் கீழே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. பேசாவிட்டாலும் ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுங்கள்.

படி 3: "வேண்டாம்" என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்

அங்கே கேட்பது ஒரு தடவை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வற்புறுத்துவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. பசித்தால் "வேண்டும், நன்றி". ஃபிரிட்ஜில் எதை எடுக்கலாம் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால், பிறகு ஒவ்வொரு ஆப்பிளுக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதே கணக்கு மறுபக்கமும் உண்டு. "பாத்திரம் எடுத்துவைக்க உதவுகிறாயா?" என்று அவர்கள் கேட்பது கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை. எழுந்து போங்கள்.

படி 4: மெஷின்கள்

டிஷ்வாஷருக்கென்று தனி மாத்திரையோ பொடியோ உண்டு. இரண்டாம் வாரம், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, சிங்க் பக்கத்தில் இருந்த பாத்திரம் கழுவும் லிக்விடை அதில் ஊற்றி ஆன் செய்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் கதவின் கீழ் விளிம்பு வழியாக வெள்ளையாக நுரை கசிந்தது. துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. கால் கட்டைவிரல் மறையும் அளவுக்கு வந்தபோதுதான் ஆளைக் கூப்பிட்டேன். அப்பா வந்து முதலில் மெஷினை நிறுத்தினார், பிறகு சிரித்தார், பிறகு என்னிடம் மாப்பைக் கொடுத்தார்.

அடுக்கும் முறை: எச்சிலைக் குப்பையில் தட்டிவிட்டு, தட்டுகள் கீழ்த்தட்டில், டம்ளர்கள் மேல்தட்டில் கவிழ்த்து, கத்தி முனை கீழே பார்க்க. இரும்புச் சட்டியை உள்ளே வைக்கவே கூடாது, துருப்பிடிக்கும்.

துணி உலர்த்தும் டிரையரில் பஞ்சுத்தூசி சேரும் வலை ஒன்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள், அடைத்தால் தீப்பிடிக்கலாம். கம்பளி ஸ்வெட்டரை அதில் போட்டால் சுருங்கி, தம்பிக்குத்தான் உதவும்.

படி 5: ஒருநாள் நீங்கள் சமையுங்கள்

சாம்பாரில் ஆரம்பிக்க வேண்டாம். எலுமிச்சை சாதம் போதும். ஆனால் தாளிக்கும் முன் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள். கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகிய அந்த நொடியில் என் தலைக்கு மேல் புகை அலாரம் அலறியது. நாய் குரைக்க, குட்டிப் பையன் காதைப் பொத்த, மாம் நாற்காலி மேல் ஏறி அட்டையால் விசிற, சாதத்தை அன்றைக்குச் சாப்பிட்டது ஏழு மணிக்கு. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழிக்குப் பக்கத்தில் அதே எலுமிச்சை சாதத்தைக் கேட்டு வாங்கி வைத்தார்கள்.

படி 6: வீட்டுக்குப் பேச நேரம் குறியுங்கள்

தினமும் பேசினால் மனசு இங்கேயேதான் இருக்கும். வாரம் ஒருநாள் போதும் என்பது என் கட்சி. என் அம்மா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அயோவாவில் ஞாயிறு காலை 8 மணி என்றால் ஆகஸ்டில் இங்கே மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதன் பிறகு மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இங்கே 7.30. இதை அம்மாவிடம் முன்பே சொல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் யாருக்கெல்லாம் போன் போடுவார் என்று உங்களுக்கே தெரியும்.

படி 7: ஒத்துவராவிட்டால்

ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. அவர் குடும்பத்திலிருந்து 120 மைலுக்குள் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது உங்களிடம் பேச வேண்டும் என்பது விதி. அவர் கேட்கும்போது "எல்லாம் நல்லா இருக்கு" என்று வாயடைத்துக்கொள்ளாதீர்கள். சின்ன மனஸ்தாபத்தை முதலில் குடும்பத்திடமே பேசலாம். ஆனால் யாராவது தொட்டதோ பேசியதோ பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றால் குடும்பத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. நேராக அந்த ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் அடையாள அட்டையில் உள்ள எண்ணுக்கு. ஆபத்து என்றால் 911. வீடு மாற்றுவது புதிதல்ல, உங்கள் பெயர் கெட்டுவிடாது. பெயர் கெடுவது வேறு இடத்தில்: நண்பன் சாவியைக் கொடுத்தான் என்று கார் ஓட்டிப் பார்ப்பது போன்றவற்றில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 8: கிளம்பும் நாள்

மெத்தை விரிப்பை உருவித் துவைத்து, மடித்து வைத்துவிட்டு வாருங்கள். நான் எலுமிச்சை சாதச் செய்முறையையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன். கடுகு என்ற வரிக்கு முன்னால், சிவப்பு மையில், "முதலில் ஃபேன்."