பழைய வரிக்குப் பொருள் சொல்லும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் குறள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ‘செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்’ என்று வாசித்துவிட்டு, “ஏன் சித்தி, வயசானவர் வயலுக்குப் போகலைன்னா நிலம் கோவிச்சுக்குமா? வீட்டுல வேற ஆளே இல்லையா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கிழவன் என்றால் அவளுக்குத் தெரிந்தது தாத்தாதான். ஆனால் வள்ளுவர் சொல்லும் கிழவன் நிலத்துக்கு உரியவன். கிழமை என்றால் உரிமை, ஞாயிறுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கிழமையை உடையவன் கிழவன். தொல்காப்பியம் காதலர்கள் முதல்முறை சந்திப்பதைச் சொல்லும்போது ‘ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப’ என்கிறது. அங்கே இரண்டு இளம் வயதினர்தான் நிற்கிறார்கள்.

பழைய வரிகளுக்குப் பொருள் சொல்லும்போது நாம் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். தெரியாத சொல் வந்தால் அகராதியைத் தேடுவோம், தெரிந்த சொல் வந்தால் நின்று யோசிக்க மாட்டோம். ‘இறும்பூது’ யாரையும் ஏமாற்றாது, ‘நாற்றம்’ ஏமாற்றிவிடும். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறளில் மொட்டுக்குள் அடங்கியிருப்பது நறுமணம். ஆண்டாள் ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று கேட்பதும் அதே நாற்றத்தைத்தான். ‘அதனை அவன்கண் விடல்’ என்பதில் கண்ணுக்கும் பார்வைக்கும் சம்பந்தம் இல்லை, ‘அவனிடம் விடு’ என்று பொருள். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்பதில் யாரும் யாரையும் கொல்லவில்லை, ‘தெய்வப் பெண்ணோ, மயிலோ’ என்று சந்தேகப்படும் இடைச்சொல் அது. ஆகவே பழைய பாட்டில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல் வந்தால், அந்த இடத்தில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரி, அகராதியைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எந்த அகராதியை? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒரு பொருளைச் சொன்னால் அது எந்த நூலில் அப்படி வந்தது என்று பெரும்பாலும் மேற்கோளும் கொடுக்கும். அதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் அகராதி தற்காலத் தமிழுக்கானது. இன்றைய கதையில் வரும் சொல்லுக்கு அதைப் போல உதவுவது வேறில்லை, ஆனால் புறநானூற்றுச் சொல்லை அதில் தேடிவிட்டு ‘அகராதியிலேயே இப்படித்தான் இருக்கிறது’ என்று வாதாடக் கூடாது. இன்னொரு பழக்கம், பத்துப் பொருள் இருந்தால் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடிவருவது. ‘கடி’ என்ற ஒரே உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியமே காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருள் அடுக்குகிறது. அந்தப் பத்தில் எது என்பதை அகராதி சொல்லாது, பக்கத்தில் நிற்கும் சொற்கள்தான் சொல்லும். இப்போது பலர் செயலிகளிடம் கேட்கிறார்கள். அவை சரளமாகப் பதில் சொல்கின்றன, இல்லாத மேற்கோளையும் அதே சரளத்தோடு தருகின்றன. அதனால் அவை காட்டும் பாட்டு எண்ணை நீங்களே ஒரு முறை புத்தகத்தில் திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சொல்லைப் பிரிக்கும் விஷயம். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. இன்று நாம் படிக்கும் பிரிப்பு யாரோ ஒரு பதிப்பாசிரியர் எடுத்த முடிவு. உரையாசிரியர்கள் இதற்கு இரண்டு அழகான உதாரணங்கள் காட்டுவார்கள். ‘செம்பொன்பதின்தொடி’ என்றால் செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா (தொடி என்பது ஓர் எடை அளவு)? ‘குன்றேறாமா’ என்றால் குன்றில் ஏறும் ஆமாவா (காட்டுப் பசுவா), குன்றில் ஏறாத விலங்கா? சொல்பவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைக் காதால் கேட்டால்தான் தெரியும். எழுத்தில் அது தொலைந்துபோகிறது. ஒரு வரி ரொம்பவும் விசித்திரமாகப் பட்டால், வேறு எப்படிப் பிரிக்கலாம் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள், இன்னொரு பதிப்பு கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தால் மட்டும் போதாது, எதை எதோடு சேர்ப்பது என்றும் பார்க்க வேண்டும். இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

‘விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல்
கற்றாரோடு ஏனை யவர்.’

இதை வந்த வரிசையிலேயே பொருத்தினால் விலங்கு கற்றவருக்கும், மக்கள் கல்லாதவருக்கும் போய்ச் சேரும். படித்தவன் விலங்கு என்று வள்ளுவர் சொன்னதாக ஆகிவிடும், அதுவும் கல்லாமை அதிகாரத்தில்! மாற்றிப் பொருத்த வேண்டும். விலங்குக்குப் பக்கத்தில் மக்கள் எவ்வளவு உயர்வோ, அவ்வளவு தாழ்வு கற்றவருக்குப் பக்கத்தில் கல்லாதவர். இதற்கு எதிர்நிரல்நிறை என்று பெயர். இப்படிச் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர், அது எட்டு வகை என்று நன்னூல் சொல்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்த எட்டும், ஒரு பாட்டுக்குள் நுழையும்போது கையில் வைத்திருக்க வேண்டிய சாவிக்கொத்து. பள்ளியிலேயே யாராவது அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வரியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வருவது அடுத்தது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதைப் பேனரில் ‘கேளீர்’ என்று நெடிலாக அடித்து வைக்கிறார்கள். நெடிலானால் ‘எல்லாரும் கேளுங்கள்’ என்று ஆகிவிடும். கேளிர் என்றால் உறவினர். குறளில் ‘தன்கேளிர் துன்பம் துடைத்தூன்றும் தூண்’ என்று வருவதும் அதே சொல். எழுத்துப்பிழையைத் திருத்திவிடலாம், ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டு, புறநானூறு 192, பதின்மூன்று அடி கொண்டது. இரண்டாம் அடியே ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’. அப்புறம் சாவு புதியதில்லை என்கிறார், வாழ்வு இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை என்கிறார், மலையிலிருந்து கல்லில் மோதி இரைந்து வரும் பேராற்றின் வழியே போகும் தெப்பம்போல உயிர் அதன் முறைப்படி போகிறது என்கிறார். அதைத் தெளிந்துவிட்டோம், ‘ஆகலின்’ பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். அந்த ‘ஆகலின்’தான் பாட்டின் அச்சு. முதல் வரியை மட்டும் எடுத்தால் அது வரவேற்பு வாசகம். பதின்மூன்று அடியையும் படித்தால், ஏன் எல்லாரும் உறவு என்பதற்கு ஒரு மனிதர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம் கிடைக்கிறது. தயவுசெய்து முழுப் பாட்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

பழமொழிக்கு ‘உண்மையான பொருள்’ என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் நம்புகிறார்கள். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது தப்பாம், ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதுதான் சரியாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே கேலி வடமொழியிலும் இருக்கிறது: ‘சதமாரீ பவேத் வைத்யஹ, சஹஸ்ரமாரீ சிகித்சகஹ’. நூறு பேரைக் கொன்றால் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றால் பெரிய வைத்தியன் என்று அர்த்தம். அங்கே கொல்வதுதான் நகைச்சுவை, வேருக்கு வேலையே இல்லை. ஊரார் வைத்தியரைக் கிண்டல் செய்தார்கள், அவ்வளவுதான். ‘மண்குதிரையை நம்பி’ என்பதை ‘மண்குதிர் + ஐ, அதாவது மண்மேட்டை நம்பி’ என்று மாற்றுவதும் இந்த வகை. குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் குதிர் நமக்குத் தெரியும். ஆற்று மண்மேட்டுக்குக் குதிர் என்று எந்தப் பாட்டில், எந்த ஊர்ப் பேச்சில் வருகிறது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். களிமண் பொம்மைக் குதிரை ஆற்றில் கரையும் என்பது ஒரு குழந்தைக்கே புரியும் படம், அதைத் திருத்த என்ன அவசியம்? பழமொழி காலப்போக்கில் சிதைவது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிதைந்தது என்று சொல்பவர், சிதையாத வடிவம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று காட்ட வேண்டும். பெர்சிவல், ஜென்சன் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொகுத்து அச்சிட்ட பழமொழிகள் இருக்கின்றன, அவற்றில் தேடலாம்.

சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து ரகசியம் தேடுவதும் இதற்கு நெருங்கிய உறவு. ‘அ உயிர், ம் மெய், மா உயிர்மெய், ஆகவே அம்மா’ என்பார்கள். தாய்மேல் உள்ள அன்பில் சொல்வது, அதை மதிக்கிறேன். ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் அம்மாதான், உலகத்தில் எத்தனையோ மொழிகளில் தாய்க்கு ‘ம’ ஓசைதான். உதட்டை மூடித் திறந்தால் குழந்தைக்கு எளிதாக வரும் ஓசை அது. ‘மொழிப்பொருள் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார். ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் என்பது பார்த்தவுடனே புலப்படாது.

காலம் மட்டுமல்ல, இடமும் பொருளை மாற்றும். யாழ்ப்பாணத்துத் தோழி “அம்மா பேசினவா” என்றால் அம்மா திட்டினார் என்று அர்த்தம், உரையாடுவதற்கு அங்கே ‘கதைக்கிறது’. “ஆறுதலா வாங்கோ” என்றால் அவசரப்படாமல் மெதுவாக வாருங்கள், துக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஈழத்துக் கதையைச் சென்னைப் பேச்சை வைத்துப் படித்தால் கதாபாத்திரத்தின் மனநிலையே மாறிப்போகும்.

எனக்கே கஷ்டமாக இருக்கும் தவறைக் கடைசியில் வைத்திருக்கிறேன். நமக்குப் பிடித்த கருத்தைப் பாட்டுக்குள் ஏற்றுவது.

‘அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.’

பரிமேலழகர் சொல்வது: அறத்தின் பயன் இது என்று நூல்களைக் கொண்டு சொல்ல வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் போகிறவனையும் கண்ணால் பார்த்தாலே தெரியும். அதாவது அவரவர் வினையின் பயன். இந்தக் காலத்தில் பலர் சொல்வது: சுமப்பவனிடமும் போகிறவனிடமும் இதுதான் அறத்தின் பயன் என்று சொல்லாதே. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒரு மனிதன் இன்னொருவனைத் தோளில் சுமப்பதற்கு அறத்தைக் காரணம் காட்டுவதை என் மனம் ஏற்காது. ஆனால் எனக்குப் பிடித்திருப்பது ஒரு சான்று ஆகாதே.

எல்லாம் ‘வேண்டா’ என்ற சொல்லில் நிற்கிறது. அது ‘தேவையில்லை’யா, ‘கூடாது’வா? வள்ளுவர் அந்தச் சொல்லை வேறு எங்கே, எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்கலாம். ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்பதில் தேவையில்லை என்றுதான் பொருள். ‘அஞ்சாமை அல்லால் துணைவேண்டா’ என்பதிலும் அப்படியே. தடுக்க நினைத்தால் அவர் ‘தீயவை செய்யற்க’, ‘வேண்டற்க வென்றிடினும் சூதினை’ என்பதுபோல ‘அற்க’ போட்டுச் சொல்வது வழக்கம். அதிகாரமும் அறன் வலியுறுத்தல். இதெல்லாம் பழைய உரையின் பக்கம் சாய்கிறது. ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது: ‘பார்த்தாலே தெரியும்’ என்பதற்குக் குறளில் சொல் இல்லை, பரிமேலழகர்தான் ‘உணரப்படும்’ என்ற வினையைக் கொண்டுவந்து சேர்க்கிறார். அவர் சேர்க்கலாம் என்றால், அதைச் சேர்க்காமல் படிப்பவரை எப்படிக் குறை சொல்வது? குறளுக்கு உரை எழுதிய பழையவர்கள் பத்துப் பேர் என்பார்கள், அவர்களில் ஐவரின் உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

யாராவது இந்தக் குறளுக்குப் பொருள் கேட்டால் நான் இரண்டையும் சொல்கிறேன், ‘வேண்டா’ வரும் மற்ற குறள்களையும் எடுத்துக் காட்டுகிறேன், எந்தச் சொல் குறளில் இருக்கிறது, எது உரைகாரர் சேர்த்தது என்று தாளில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுக்கிறேன். அதற்கு மேல் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும், என் விருப்பம் என்று சொல்லிவிட்டு அதைச் சொல்கிறேன்.