தோற்கும் அணியை எப்படித் திட்டுவது: அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தைக் குறைகாணும் முறை

மே மாதத்தில் மெல்பேர்ணில் இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் திருகோணமலையில் பிற்பகல் 3 மணிக்கே கைத்தொலைபேசித் திரைக்கு வந்துவிடுகிறது. அது முடியும் வேளையில் மெல்பேர்ணின் புறநகரான டான்டினோங்கில் வாழும் மருமகனும் உப்புவெளியில் இருக்கும் மாமாவும் ஒரே குரலில் பயிற்றுநரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். திட்டுவதில் பிழையில்லை, ஆனால் "பெடியளுக்கு விளையாட மனமில்லை" என்று வாரந்தோறும் சொல்வது வெறும் புலம்பல்தான். பந்து எந்த இடத்தில், எதனால் எதிரணியின் கைக்குப் போனது என்று சொல்லத் தெரிந்தவரின் பேச்சையே மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

முதலில் புள்ளிப்பலகையைப் பிரித்து வாசியுங்கள். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நிற்கும் நான்கு கம்பங்களில் நடு இரண்டுக்கும் இடையே உதைத்த பந்து கோலாகி 6 புள்ளிகளைத் தரும்; பக்கத்து இடைவெளியால் போனால் அது 'பிஹைன்ட்', 1 புள்ளி மட்டுமே. இந்த ஆட்டத்தின் முதன்மைத் தொடரான AFL இன் 2008ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் ஜீலோங் அணி 11 கோல்களும் 23 பிஹைன்ட்களும் பெற்று 89 புள்ளிகளுடன் தோற்றது. எதிரணியான ஹோதோர்ன் 18 கோல்களும் 7 பிஹைன்ட்களுமாக 115 புள்ளிகள் எடுத்தது. எண்களை மட்டும் பார்ப்பவர் ஜீலோங்கின் குறி தவறியதையே குறை சொல்வார். அது பாதி உண்மை. அந்த 23இல் 11, ஹோதோர்ன் வீரர்கள் நெருக்கடியிலிருந்து தப்புவதற்காகப் பந்தைத் தங்கள் கோல் கோட்டுக்கு வெளியே தாங்களே தள்ளிவிட்டதால் வந்தவை. 6 புள்ளிகள் போகாமல் இருக்க 1 புள்ளியை விட்டுக்கொடுப்பது அவர்கள் கையாண்ட உத்தி, அதைக் கட்டுப்படுத்த அடுத்த ஆண்டே விதி கொண்டுவரப்பட்டது. ஆகவே பிஹைன்ட்களின் எண்ணிக்கையைப் பார்த்தவுடன், அவற்றுள் எத்தனை உதை தவறியவை என்று கேளுங்கள்.

அடுத்தது பந்தை இழந்த இடம். எல்லாவற்றிலும் இதற்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். பழைய அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு நீள்வட்டம் வரைந்து, இரு முனைகளிலும் கோலிலிருந்து 50 மீற்றர் தூரத்தைக் காட்டும் வளைவைக் கீறி, நம் அணி பந்தை இழக்கும் ஒவ்வொரு முறையும் அவ்விடத்தில் ஒரு புள்ளடி போடுங்கள். புள்ளடிகள் எதிரணிக் கோலுக்கு முன்னால் குவிந்தால், உயரமானவர்களின் கூட்டத்துக்குள் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள் என்று பொருள். நடுமைதானத்தில் குவிந்தால் ஆபத்து கூடுதல், ஏனெனில் தாக்குவதற்காக முன்னே ஓடிவிட்டவர்கள் திரும்புவதற்குள் பின்வரிசை தனித்துவிடும். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: ஒரு பக்கத்தார் கயிற்றைத் தளரவிட்டால் மீன் அந்தப் பக்கத்தால்தான் போகும், மற்றப் பக்கத்தார் எவ்வளவு மூச்சுவாங்கி இழுத்தாலும் பயனில்லை.

எதிரணி ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்தால் நடுவட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் ஆட்டம் அங்கிருந்தே மீளத் தொடங்குகிறது. 2019இலிருந்து அந்த நேரத்தில் ஒவ்வோர் அணியும் இரு முனைகளிலும் நடுவிலும் அறுவர் அறுவராகவே நிற்க வேண்டும். ஆகவே கூடுதல் ஆளைப் பின்னால் ஒளித்துவைக்க இயலாது. அங்கே முதலில் பந்தை எடுக்க முடியாத அணி தொடர்ந்து அடிவாங்கும்.

ஓர் எச்சரிக்கை. திரையில் பந்தைச் சுற்றிய இடம் மட்டுமே தெரியும். ஓர் அணியின் 18 பேரில் பெரும்பாலோர் தெரிவதில்லை. நான் ஒருமுறை, தூரத்துக்கு உதைத்து உதைத்துப் பந்தை இழந்த பின்வரிசைக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மைதானத்தில் இருந்த மருமகன் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை அனுப்பினான். பந்து வைத்திருந்தவருக்கு அருகே நம் சட்டைக்காரர் ஒருவரும் தனியே நிற்கவில்லை. நின்ற மூவரையும் எதிரணி ஒட்டிப் பிடித்திருந்தது. ஏசப்பட வேண்டியவர்கள் ஓடி இடம் கொடுக்காத மற்றவர்கள். அன்றிலிருந்து படம் கேட்காமல் நான் யாருடைய பெயரையும் எடுப்பதில்லை.

பயிற்றுநரை மாற்றச் சொல்வதைக் கடைசியாக வையுங்கள். ரிச்மண்ட் அணி 2016இல் டேமியன் ஹார்ட்விக் என்ற பயிற்றுநரின் கீழ் 13ஆம் இடத்தில் முடித்தது. அவரின் கீழேயே 2017இல் கிண்ணத்தை வென்றது. ஒரே பிழை பல வாரங்களாக அதே இடத்தில் புள்ளடியாக விழுந்துகொண்டிருந்தால் மட்டும் பயிற்றுநரின் பெயரை எடுக்கலாம். அப்போதும் கொப்பியைப் படம் பிடித்து முதலில் அனுப்பிவிட்டு, பிறகு அழையுங்கள்; நமக்கு மாலை ஐந்தரை என்றால் மருமகனுக்கு இரவு பத்து மணி.