மலிவு டிஜிட்டல் ஆம்ப் வீட்டுக்கு ஆகுமா? பழைய ஸ்பீக்கர் பெட்டியை வைத்தே செய்து பார்க்கலாம்

காவேரிப்பட்டினத்தில் எங்கள் சித்தப்பா மைக்செட் வைத்திருந்தவர். பண்டிகை, கூத்து, காதுகுத்து என்று சுற்று வட்டார ஊர்களுக்கெல்லாம் டிவிஎஸ்-50 பின்னால் ஆம்ப்ளிஃபையரைக் கட்டிக்கொண்டு போவார். அந்தப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவர் முன்னால் நான் உள்ளங்கை அளவு டிஜிட்டல் ஆம்ப் போர்டு ஒன்றை வைத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது, டிரான்ஸ்பார்மரே காணோம்? இது எங்க பாடப் போவுது?"

பாடியது. நன்றாகவே பாடியது. ஆனால் அதற்கு முன் ஒரு போர்டைப் புகைய விட்டேன், ஒரு அடாப்டரைத் தூக்கிப் போட்டேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்கவும் டிவி பார்க்கவும் மலிவு டிஜிட்டல் ஆம்ப் தாராளமாக ஆகும். ஆனால் போர்டுக்குக் கொடுப்பதைவிட, அதற்கு ஊட்டுகிற கரண்டுக்குக் கூடுதலாகச் செலவழிக்க மனசு வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "சைனா மால் சரியில்லை" என்கிறார்கள்.

'டிஜிட்டல்' என்பது பாதிப் பொய்

கடைக்காரர் டிஜிட்டல் என்பார். உண்மையில் இதன் பெயர் கிளாஸ் டி. ஏ, பி, சி என்று ஏற்கெனவே வகைகள் இருந்ததால் அடுத்த எழுத்தை இதற்கு வைத்தார்கள், அவ்வளவுதான். டிஜிட்டலுக்கும் அந்த 'டி'க்கும் சம்பந்தம் இல்லை.

பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சுவரில் பெரிய டப்பாவாக, தொட்டால் சுடும். வேண்டாத கரண்டைச் சூடாக்கி வீணடித்துத்தான் அது ஃபேனை மெதுவாக ஓட்டியது. இப்போதைய சின்ன ரெகுலேட்டர் கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கிறது, அதனால் சூடு குறைவு. ஆம்ப்ளிஃபையரிலும் அதே கதைதான். சித்தப்பாவின் பெட்டி முதல் வகை. கிளாஸ் டி போர்டு இரண்டாவது வகை. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முழுதாகத் திறந்து முழுதாக மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் பாட்டாக மாறுகிறது. உள்ளே போகும் மின்சக்தியில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே போவதால், சூட்டை வெளியே தள்ளும் பெரிய உலோகத் துண்டு, அதாவது ஹீட்சிங்க், தேவையில்லை.

2000-களின் நடுவில் டிரைபாத் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஐசிகள் (போர்டில் வேலையைச் செய்யும் சில்லுகள்)தான் இந்தக் குட்டி ஆம்ப்களுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தன. அந்த நிறுவனம் 2007-ல் திவாலாகிவிட்டது. இப்போது மலிவுப் போர்டுகளில் அதிகம் கண்ணில் படுவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 என்ற ஐசி. இந்தச் செய்முறையும் அதை வைத்துத்தான்.

முதல் வேலை: பரண்மேல் இருக்கும் ஸ்பீக்கரை அளங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் வீட்டில் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கித் துடையுங்கள். முன்னால் அதிரும் கூம்புத் தாளில், அதாவது கோனில், எலி கடித்திருக்கிறதா, ஓரத்து ஸ்பாஞ்ச் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். எந்த ஆம்ப் வைத்தாலும் கரகரக்கும்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். 3.2 முதல் 3.7 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 6-க்குப் பக்கத்தில் அல்லது கொஞ்சம் மேலே காட்டினால் 8 ஓம். மீட்டர் டிசியில் அளப்பதால் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

பிளஸ், மைனஸ் அழிந்து போயிருந்தால் ஒரு பென்டார்ச் செல்லை எடுத்து, இரண்டு ஒயரால் ஊஃபரின் (பேஸ் பாடும் பெரிய ஸ்பீக்கரின்) முனைகளைச் சட்டென்று தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு கோன் முன்னால் வந்தால், செல்லின் மொட்டுப் பக்கம் தொட்ட முனை பிளஸ். உள்ளே இழுத்தால் மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும். ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் மாட்டினால் பாட்டு கேட்கும், பேஸ் மட்டும் எங்கேயோ ஓடிவிடும். நிறையப் பேர் ஆம்ப் மட்டம் என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

வாட் கணக்கு

5000 வாட் பிஎம்பிஓ என்று ஊதிப் பெருக்கிய உச்ச வாட்டை ஸ்டிக்கராக ஒட்டிய பெட்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். போர்டு விளம்பரங்களும் அந்த வம்சம்தான். டிபிஏ3116-க்கு 50 + 50 வாட் என்று போடுவார்கள். ஐசி செய்தவர்களின் விவரத்தாளிலேயே (டேட்டாஷீட்) அந்த எண் இருக்கிறது. ஆனால் அது 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவீதம் சத்தம் சிதையும்போது கிடைப்பது. 10 சதவீதச் சிதைவு என்றால் பாடகருக்குத் தொண்டை கட்டியதுபோல் இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். சப்ளை வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் உச்ச வாட் வரும். 12 வோல்ட் அடாப்டர், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க, 9 வாட். 19 வோல்ட் என்றால் 361-ஐ 16-ஆல் வகுக்க, 22 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். கையில் கிடைப்பது இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

9 வாட்டா என்று முகம் சுளிக்க வேண்டாம். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சின்ன வித்தியாசம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கர் சராசரியாக ஒரு வாட்டைக்கூடத் தொடுவதில்லை. மீதியெல்லாம் தவில் அடி விழும் அந்த நொடிக்காக.

போர்டைப் பார்த்து வாங்குவது

கிருஷ்ணகிரிக் கடைகளில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏறுவது நம்மூர் வழக்கம். இல்லாவிட்டால் ஆன்லைன். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். எங்கே வாங்கினாலும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

டிபிஏ3116-க்கு ஐசியின் தலைமேல் ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் சூடு வெளியேறும் உலோகப் பட்டை அதற்கு மேல்பக்கம். 3116 என்று சொல்லி, மேலே ஒன்றுமே இல்லாத போர்டைக் காட்டினால், அதில் இருப்பது பெரும்பாலும் டிபிஏ3118. அதற்குப் பட்டை அடிப்பக்கம், போர்டு வழியாகத்தான் சூடு இறங்கும். அது கெட்ட ஐசி இல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போதும்.

அடுத்து, ஸ்பீக்கர் முனைகளுக்குப் பக்கத்தில் நான்கு காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஐசி வெட்டி வெட்டிக் கொடுத்ததை மீண்டும் வழவழப்பான பாட்டாக்குவது அவைதான். கடுகளவு காயில் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சப்ளை வரும் இடத்தில் நிற்கும் பெரிய கண்டென்சர்களில் அச்சிட்ட வோல்ட்டைப் படியுங்கள். ஐசி 26 வோல்ட் வரை தாங்கும் என்று நம்பி 24 வோல்ட் கொடுப்பார்கள், கண்டென்சரில் 25 என்று போட்டிருக்கும். கரையை ஒட்டி வண்டி ஓட்டுவது மாதிரி. 25 என்று இருந்தால் 19 வோல்ட்டோடு நின்றுகொள்ளுங்கள்.

அடாப்டர்: காசு இங்கேதான்

நான் முதலில் வாங்கியது '24 வோல்ட் 5 ஆம்பியர்' என்று எழுதிய ஓர் அடாப்டர். தூக்கினால் காலி டப்பா மாதிரி எடை. சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் பாட்டு விக்கும், போர்டிலிருக்கும் எல்இடி மங்கும். போர்டைக் குறை சொல்லி ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய லேப்டாப் செத்தாலும் அதன் அடாப்டர் சாவதில்லை. 19 வோல்ட், 3.42 ஆம்பியர், அதாவது 65 வாட் அடாப்டர் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. அதை மாட்டிய அன்று, அதே போர்டு வேறு போர்டு ஆனது.

ஒரே ஒரு சிக்கல், ஜாக். லேப்டாப் பின் பல சமயம் 2.5 மில்லிமீட்டர் துளை, போர்டு ஜாக்கின் நடு ஊசி 2.1. உள்ளே போகும், ஆனால் ஆடும். ஆடினால் 'சர்... சர்...' என்று சத்தம் வரும். பின்னை வெட்டிவிட்டு, பிளஸ் எது மைனஸ் எது என்று மீட்டரில் பார்த்து, போர்டின் ஸ்க்ரூ முனையில் நேரடியாக முறுக்குங்கள்.

இந்த அடாப்டர்களில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் மும்முனை கரண்ட் வந்து எல்லாத் தோட்டத்து மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது டியூப்லைட் கண் சிமிட்டும். சித்தப்பாவின் டிரான்ஸ்பார்மர் பெட்டி அப்போது சோர்ந்து போகும். இது அசையாமல் பாடுகிறது.

எல்இடி கடைகளில் தகரக் கூடு போட்ட 24 வோல்ட் சப்ளை மலிவாகக் கிடைக்கும். அதில் 230 வோல்ட் முனைகள் வெளியே தெரியும். முதல் முறை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

ஒயர் இணைப்பு

ஸ்பீக்கருக்கு ஒன் ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் போதும். நூல் மாதிரி டெலிபோன் ஒயர் வேண்டாம்.

இப்போது நான் போர்டைப் புகைய விட்ட கதை. மைக்செட் பழக்கத்தில் ஸ்பீக்கர் மைனஸ் எல்லாம் 'பாடி'தானே, அதாவது பெட்டியோடு சேர்ந்த பொது முனைதானே, என்று நினைத்தேன். ஒயரை மிச்சம் பிடிக்க மூன்று ஒயர் இழுத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மைனஸ் கொடுத்தேன். ஆன் செய்ததும் 'பட்'. ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு புகை. இந்த ஐசியில் ஸ்பீக்கரின் பிளஸ்ஸும் மைனஸும் இரண்டுமே உயிருள்ள முனைகள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஸ்பீக்கரைத் தள்ளும், இழுக்கும். நல்ல போர்டாக இருந்தால் பாதுகாப்புச் சுற்று தடுத்து நின்றுவிடும். என்னுடையது நிற்கவில்லை. எனவே நான்கு முனைக்கு நான்கு ஒயர். மைனஸ்களை ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், தகரப் பெட்டியிலும் தொட விடாதீர்கள்.

ஆன் செய்வது

முதலில் நல்ல ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். எதுவும் மாட்டாமல் அடாப்டரைப் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு பக்கத்தின் பிளஸ், மைனஸ் இரண்டிலும் பிடியுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். சப்ளை மைனஸுக்கும் ஸ்பீக்கர் முனைக்கும் இடையே அளந்தால் சுமார் 9.5 வோல்ட் காட்டும், 19-ல் பாதி. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டு முனையிலும் ஒரே அளவு இருந்தால் சரி. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் அந்தப் போர்டைத் திருப்பிக் கொடுங்கள், ஸ்பீக்கர் காயிலைக் கருக்கிவிடும்.

சரியாக இருந்தால் அடாப்டரைப் பிடுங்கி, பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, மெதுவாகத் திருப்புங்கள். பிறகு உங்கள் பெட்டிகள். அரைமணி நேரம் ஓடியபின் ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாவிட்டால் ஏதோ தப்பு.

உஸ் சத்தமும் ஹம்மும்

பாட்டு நின்றபோது காதைப் பக்கத்தில் வைத்தால் லேசாக 'உஸ்' கேட்கலாம். இந்த ஐசி உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதை இரண்டு சின்ன ரெசிஸ்டர் தீர்மானிக்கும்: 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கு படி. படி ஏற ஏற உஸ்ஸும் ஏறும். ரெசிஸ்டரை மாற்றி 20-க்கு இறக்கலாம், ஆனால் சால்டரிங் கை பழகியபின் செய்யுங்கள். அதுவரை போனில் சத்தத்தைக் கூட்டி வைத்து, போர்டில் குறைத்து வையுங்கள். பாதி உஸ் போய்விடும்.

டிவியோடு சேர்த்தால் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறதா? கேபிள் ஒயரை டிவியிலிருந்து கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் ஆம்ப் குற்றவாளி இல்லை.

புளூடூத்தும் சேர்ந்தே வரும் போர்டுகளில் பாட்டுக்கு நடுவே 'டிக் டிக்' என்று ஒரு பூச்சி கத்தும். எனக்கு அது பிடிக்காமல் புளூடூத் இல்லாத போர்டு வாங்கி, போனிலிருந்து ஸ்டீரியோ பின் போட்டுவிட்டேன்.

எங்கே இது ஆகாது

முற்றத்தில் பந்தல் போட்டு நூறு பேருக்குப் பாட வைக்க இது ஆகாது. அதற்குச் சித்தப்பாவின் பெட்டிதான். ரிப்பேர் என்று பார்த்தாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது: அதில் டிரான்சிஸ்டர் போனால் மாற்றலாம், இதில் ஐசி போனால் போர்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். 8 ஓம் ஸ்பீக்கரில் சில போர்டுகளின் உச்ச ட்ரெபிள் கொஞ்சம் கூர்மையாகவும் கேட்கும், ஏனென்றால் காயில் வடிகட்டியை 4 ஓமை மனதில் வைத்துப் போட்டிருப்பார்கள். எனக்கு நாதஸ்வரத்தில் அது தெரிந்தது, சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. கையில் இன்னும் காசு இருந்தால் டிபிஏ3255 ஐசி போட்ட, கூட்டோடு வரும் ஆம்ப்களைப் பாருங்கள். ஆனால் முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள், அந்தக் காசு அங்கே நன்றாகப் பேசும்.

இன்னொன்று. ஆம்ப் மாட்டிய மறுநாள் காலை எங்கள் பாட்டி, "என் ரேடியோவுக்கு என்னடா பண்ண, ஒரே இரைச்சலா கெடக்குது?" என்று கேட்டார். நொடிக்கு நாலு லட்சம் தடவை திறந்து மூடுகிற போர்டு, அதன் மடங்குகளில் மீடியம் வேவ் ரேடியோவுக்குள் புகுந்துவிடுகிறது. ஸ்பீக்கர் ஒயர்களை ஜோடி ஜோடியாக முறுக்கி, நீளத்தைக் குறைத்ததும் பாதி அடங்கியது. மீதிக்கு, செய்தி நேரத்தில் ஆம்ப்பை ஆஃப் செய்துவிடச் சொல்லி உத்தரவு.