பர்மா நடையைக் கதையாக எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

"தாத்தா ரங்கூன்லேருந்து நடந்தே வந்தாரு." சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு வரி உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த இந்தியர்கள் 1942இல் உயிர் தப்பி ஊர் திரும்பிய கதை அது. அந்த வரியை நாவலாக்க இப்போது பேரன் பேத்திகள் உட்காருகிறார்கள். அப்படி எழுதிய சில பிரதிகள் என் கைக்கும் வந்தன. எழுத்து ஆளுக்கு ஆள் வேறு. தவறுகள் மட்டும் ஒன்றுபோலவே இருந்தன.

சில்லறைத் தவறுகளை முதலில் முடித்துவிடலாம். 1942இல் யாரும் ஐம்பது பைசா கொடுத்து டீ குடிக்கவில்லை. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. நூறு பைசாக் கணக்கு வந்தது 1957 ஏப்ரலில்தான். அரிசியைப் படியில் அளந்தார்கள், கிலோவில் அல்ல. ஊர் ரங்கூன், யாங்கோன் அல்ல. துறைமுகம் அக்யாப், சிட்வே அல்ல. அப்புறம், நடந்து வருகிறவர் வழியில் நேதாஜியைப் பார்த்து மெய்சிலிர்க்கும் காட்சி. இரண்டு பிரதிகளில் பார்த்துவிட்டேன். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததே 1943 ஜூலையில்.

எந்த மாதம் கிளம்பினார்கள் என்று கேட்காமல் எழுதுவது இதைவிடப் பெரிய தவறு. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. இதற்கிடையிலும் இதற்குப் பிறகும் கிளம்பியவர்கள் எல்லோரும் ஒரே பாதையில் வரவில்லை. முந்திக்கொண்டவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. சிலர் தௌங்குப் கணவாயைத் தாண்டி அக்யாப் போய், அங்கிருந்து சிட்டகாங் வந்தார்கள். இன்னும் சிலர் வடக்கே ஏறி, எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்தார்கள். கடைசியில் மாட்டியவர்களுக்கு வடக்கு பர்மாவின் ஹுகாங் பள்ளத்தாக்குதான் வழி. மே மாத நடுவில் மழையும் பிடித்துக்கொண்டது, முழங்கால் அளவு சேறு. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு ஒரு வழி என்று பிரித்து விடுகிறார்கள் என்ற குமுறல் அப்போதே கிளம்பியது. பிப்ரவரியில் அக்யாப் வழியாகப் போகும் குடும்பத்தின் மேல் ஹுகாங் மழையைக் கொட்டினால், அந்த வழியை அறிந்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அப்பத்தாவுக்குத் தேதி தெரியாதே என்பார்கள். தெரியும், நம் கணக்கில் இருக்காது, அவ்வளவுதான். "விஷு வருஷம் மார்கழி" என்று சொன்னால் அது 1941 டிசம்பர் நடுவிலிருந்து 1942 ஜனவரி நடு வரை. அதுவும் ஞாபகம் இல்லை என்றால், "வழியில மழை பெஞ்சுச்சா?" என்று கேளுங்கள். "கப்பல் ஏறுனீங்களா?" என்று கேளுங்கள். பாதி வழி தெரிந்துவிடும்.

துக்கத்தை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஒரு பிரதியில், ரங்கூனில் தங்கிவிட்ட கணவன் இறந்த செய்தி 1942 ஆகஸ்டில் தந்தியாக ஊருக்கு வருகிறது. மனைவி அலறுகிறாள், அடுத்த அத்தியாயத்தில் மெல்லத் தேறுகிறாள். அந்தத் தந்தி வந்திருக்கவே முடியாது. நகரம் விழுந்தபின் தபாலும் இல்லை, தந்தியும் இல்லை. ஆங்கிலேயர் திரும்பவும் ரங்கூனைப் பிடித்தது 1945 மே மாதம். மூன்று வருஷத்துக்கு மேல் செய்தியே கிடையாது. எழுதியவர் ஒரு வசதிக்காகப் போட்ட தந்தி, கையில் இருந்த நல்ல கதையைத் தூக்கி எறிந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத மூன்று வருஷம். பொட்டு வைத்துக்கொள்வதா? கல்யாண வீட்டுக்குப் போனால் முன்னால் நிற்பதா, ஓரமாக ஒதுங்குவதா? உடலைப் பார்க்காமல் ஒப்பாரி எப்படி வரும்? பதினாறாம் நாள் என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் திதி கொடுப்பது வழக்கம். ஆனால் கொடுத்துவிட்டால் இறந்துவிட்டார் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாமியார் கொடுக்கச் சொல்கிறாள், மருமகள் பேசாமல் இருக்கிறாள் என்று வையுங்கள். குடும்பம், துக்கம் எல்லாம் அந்த ஒரு வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிடும். பக்கம் பக்கமாக அழவைக்க வேண்டியதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்து ஆலோசகர்கள்போலப் பேசவிடுவது. "உன் வலியை என்னோடு பகிர்ந்துகொள்" என்று 1942இல் எந்த நாத்தனாரும் சொல்லியிருக்க மாட்டாள். "எந்திரிச்சுக் குளி, கஞ்சி ஆறுது" என்றிருப்பாள். ஆறுதல் அந்தக் கஞ்சியில் இருக்கிறது. வழியில் கிடைத்த ஆறுதலும் அப்படித்தான். அசாமில் தேயிலைத் தோட்டக்காரர்களின் சங்கம் அகதிகளுக்கு முகாம்கள் போட்டது. முன்பின் தெரியாத ஒருவர் நீட்டிய ஒரு குவளைத் தேநீர் போதும், மனத்தைத் தொட. அவரையே எழுபது வருஷம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து அழும் காட்சி வேண்டாமே.

கடைசியாக, சொல்கிறவர் விட்ட இடத்தை நாம் நிரப்புவது. அப்பத்தா கதை சொல்லும்போது, "காலரா கண்டுச்சு, அப்புறம் மணிப்பூர் வந்துட்டோம்" என்று தாண்டிவிடுவார். அந்த 'அப்புறம்' ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்த இடமாக இருக்கலாம். ஒருநாள் காலரா என்பார், இன்னொரு நாள் காய்ச்சல் என்பார். எது சரி என்று சித்தப்பாவிடம் விசாரித்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாளில் எதைச் சொன்னார் என்பதும் கதைதான்.

எனக்கு வந்ததில் ஒரு பிரதியில், மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார். கிழவி "அஞ்சு" என்கிறாள். வீட்டில் இருப்பது நாலு பேர். மருமகள் திருத்தப் போகிறாள், மகன் கண்ணால் தடுக்கிறான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த இரண்டு பக்கம், அந்த ஐந்தாவது பிள்ளைக்கு என்ன ஆனது என்ற விளக்கம். அதை எடுத்துவிடச் சொன்னேன். எழுதியவருக்கு மனசே இல்லை. திருத்தி அனுப்பிய பிரதியில் இன்னும் அரைப் பக்கம் இருக்கிறது.