வால் ஒட்டிய பசை: ஆர்.சி. விமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை, பாலக்கோடு சாலையில் நாங்கள் வழக்கமாக ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம், பறக்கவிடும் வறண்ட ஏரிக்குப் போனேன். பாலிடெக்னிக் பையன் ஒருவன் நொறுங்கிய விமானத்தைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டிருந்தான். "போன வாரம் சூப்பரா பறந்துச்சுண்ணா. இன்னைக்கு என்னாச்சுன்னே தெரியல." எனக்குத் தெரிந்துவிட்டது. வால் முழுக்க ஹாட் குளூ பசை மினுமினுத்தது.

சுற்றுகிற ப்ராப்பில் (மூக்கு விசிறியில்) விரல் வைக்காதே, மின்கம்பி பக்கம் போகாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வாலை ஒட்டிவிட்டு சி.ஜி. (எடை மையம்) பார்க்காமல் எறிவது

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். சன்பேக் பிளாஸ்டிக் ஷீட்டில் நானே வெட்டி ஒட்டிய ஹை விங் ட்ரெயினர், அதாவது இறக்கை மேலே இருக்கும் பழகு விமானம். 2212 மோட்டார், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்ப் ஈ.எஸ்.சி., மூன்று செல் (3எஸ்) 2200 லிப்போ பேட்டரி, மொத்தம் 900 கிராம். புளியமரத்தில் மாட்டி வால் ஒடிந்தது. இரண்டு மூங்கில் குச்சி, தாராளமாகப் பசை, மேலே பேக்கிங் டேப். கூடியது வெறும் 25 கிராம். 25 கிராம் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

கணக்கைப் பாருங்கள். என் விமானத்தில் வால் சி.ஜி.யிலிருந்து 55 செ.மீ. பின்னால். மூக்கில் எடை வைக்கக் கிடைக்கும் இடமோ 15 செ.மீ. முன்னால்தான். வாலில் கூடிய 25 கிராமை ஈடுகட்ட மூக்கில் 90 கிராமுக்கு மேல் வேண்டும். எடை சேர்க்காமல் சரிசெய்ய வேண்டுமானால் 180 கிராம் பேட்டரியை ஏழரை செ.மீ. முன்னே தள்ள வேண்டும். நான் ஒரு செ.மீ.கூடத் தள்ளவில்லை. 20 செ.மீ. அகல இறக்கையில் சி.ஜி. முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நான் ஏற்கெனவே 7-இல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பசை அதை எட்டரைக்குக் கொண்டுபோய்விட்டது.

கையை விட்டதும் மூக்கு நிமிர்ந்தது. சி.ஜி. சரியாக இருக்கிற விமானம் நிமிர்ந்தால் தானாகவே தாழ்ந்துவிடும். பின்னால் போய்விட்டால் நிமிர்ந்தது இன்னும் நிமிரும். பதறி எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டை) கீழே கொடுத்தேன், குப்புறப் பாய்ந்தது. மேலே இழுத்தேன், செங்குத்தாக நின்று, இடது இறக்கை சரிந்து, ஏரிக்கரையில் போய்க் குத்தியது. மோட்டார் ஷாஃப்ட் வளைந்தது, ப்ராப் இரண்டானது, லிப்போவின் ஒரு மூலை நசுங்கியது. நசுங்கிய லிப்போவை மறுபடி சார்ஜில் போடக் கூடாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா "இன்னொருக்கா உடுப்பா" என்றார்.

இன்றைக்கும் எரிச்சல் தருவது நஷ்டமில்லை, அரை நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதுதான். பேட்டரி, ப்ராப் எல்லாம் பொருத்திய பிறகு, இறக்கைக்கு அடியில் சி.ஜி. இருக்க வேண்டிய இடத்தில் மார்க்கரால் வைத்த இரண்டு புள்ளிகளில் விரல்நுனி கொடுத்துத் தூக்குங்கள். மட்டமாகவோ, மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். லோ விங் (இறக்கை அடியில் இருப்பது) என்றால் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். மூக்கு கொஞ்சம் கனமானால் விமானம் மந்தமாகப் பறக்கும், வேகமாக இறங்கும், ஆனால் இறங்கும். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தையும் விமானத்துக்குள் கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் புதிதாகப் பாருங்கள். வாலில் பசையைச் சிக்கனமாகத் தடவுங்கள், தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் அல்ல.

அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். "சரிண்ணா" என்றான். அவன் பேட்டரி எங்கே இருந்தது தெரியுமா? எப்போதும்போல் வெல்க்ரோ ஒட்டிய அதே இடத்தில்.

எய்லரான் திசை

ரிமோட் குச்சி வலது என்றால், வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டு) மேலே. ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஃபுல் சார்ஜில் லிப்போ

சனிக்கிழமை ராத்திரி சார்ஜ் போட்டு, ஞாயிறு மழை வந்து, அப்படியே அடுத்த வாரம் வரை வைப்பது. செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நாள்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் உப்பிவிடும். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று இருக்கும், 3.8 அளவில் வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். பறந்து இறங்கிய பிறகு செல் 3.5-க்குக் கீழே காட்டினால், அடுத்த முறை டைமரைக் குறையுங்கள்.

முதல் விமானமே போர் விமானம்

வேண்டாம்.

ஆடி மாதம்

அதுவும் வேண்டாம்.

ஓசூர் பக்கம்

பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பெட்டியையே திறக்காதீர்கள். அதில் பச்சை மண்டலமாகக் காட்டும் இடத்திலும் 400 அடிதான் வரம்பு.

ஃபெயில்சேஃப் வைக்காமல் விடுவது

சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும். விமானத்தில் சிக்னல் வாங்கும் ரிசீவர்களில் பல, நாம் அமைத்தால்தான் அதைச் செய்யும். இல்லாவிட்டால் கடைசியாக வந்த த்ராட்டிலையே (மோட்டார் வேகத்தையே) பிடித்துக்கொண்டு ஓடும். ப்ராப்பைக் கழற்றுங்கள், பாதி த்ராட்டில் கொடுங்கள், ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நின்றால் சரி. நான் சோதிக்காமல் விட்ட ஒன்று மாந்தோப்புகளைத் தாண்டிப் போயே போய்விட்டது. மூன்றாம் நாள் தோப்புக் காவல்காரர் கொண்டுவந்து கொடுத்தார், இறக்கையின் அடியில் போன் நம்பர் எழுதியிருந்ததால்.