புவேர்தோ வயார்த்தாவில் சாப்பிட: மீனை எடை போட்டதும் மொத்த விலையைக் கேளுங்கள்

பேப்பர் வேலையை முதலில் முடித்துவிடுவோம். ரெசிடென்சி விசாவில் வருகிறவர்கள் மெக்சிகோவுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் ரெசிடென்சி அட்டைக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அதோடு குர்ப் என்ற அடையாள எண் வரும். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வரி எண்ணும் தேவை. குவாதலஹாராவில் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்கள் யாரைக் கேட்டாலும் இதையெல்லாம் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். மெக்சிகோவின் பசிபிக் கரை ஊரான புவேர்தோ வயார்த்தாவில் சாப்பாடு என்று வந்தால் மட்டும், "கடற்கரையோரமா நடங்க, நிறைய ஹோட்டல் இருக்கு" என்று முடித்துக்கொள்வார்கள். வம்பு ஆரம்பிப்பதே அந்த நடையில்தான்.

என் நண்பர் ஒருவர் தூத்துக்குடிக்காரர். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார். அவரையே இங்கே கவிழ்த்துவிட்டார்கள். லோஸ் முயெர்தோஸ் கடற்கரையில் ஓலைக் குடைக்குக் கீழே நாற்காலி போட்டிருந்த ஒரு கடை. சர்வர் தட்டு நிறையப் பச்சை மீனோடு வந்தார். நண்பர் பார்த்து நல்ல வாச்சினாங்கோவாக ஒன்றைக் கை காட்டினார். நம் சங்கரா மீன் குடும்பம்தான் அது. நம்மூர்க் கடற்கரைக் கடையில் என்ன நடக்கும்? "இது நானூறு, இது அறுநூறு" என்பார்கள், நாம் ஐம்பது குறைப்போம், அப்புறம்தான் மீன் எண்ணெய்க்குப் போகும். இங்கே மெனுவில் இருந்தது கிலோ விலை. அதுவும் தலை, முள், குடல் எல்லாம் சேர்த்துப் பச்சையாக நிறுத்த எடைக்கு. எத்தனை கிலோ என்று சர்வர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

வந்தது பெஸ்காதோ சரந்தேயாதோ. மீனை முழுசாக விரித்து, மிளகாய் விழுது தடவி, கம்பிக் கூண்டில் வைத்துத் தணலில் சுடுவது. பக்கத்து மாநிலமான நயாரித் கடற்கரையின் பெருமை அது, இங்கேயும் அருமையாகச் செய்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, கணவன் மனைவி இரண்டு பேருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வந்ததைத் தவிர. பில் டாலரில் இருந்தது, அந்தக் கடை தானே வைத்த மாற்று விகிதத்தில். அடியில் பொடி எழுத்தில் 15 சதவீதம் சேவைக் கட்டணம். கார்டு மெஷினை நீட்டும்போது "ப்ரோபினா?" என்று மறுபடியும் டிப்ஸ் கேட்டார்கள். நண்பர் நல்ல மனசோடு இன்னொரு 15 சேர்த்தார். அவர் வீட்டு ஒரு மாத கரண்ட் பில்லையும் இன்டர்நெட் பில்லையும் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. எனக்கு இப்போது நினைத்தாலும் எரிச்சல்.

அதனால் மீனைத் தராசில் வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். "குவாந்தோ பெசா?" என்று எடையைக் கேளுங்கள், "குவாந்தோ சேரியா என் தோதால்?" என்று மொத்த விலையைக் கேளுங்கள், ஆர்டர் சீட்டில் பெசோவில் எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கு அரைக் கிலோ தாராளம். பில்லில் 'செர்விசியோ', அதாவது சேவைக் கட்டணம், என்று இருந்தால் மெஷினில் டிப்ஸைப் பூஜ்யமாக்குங்கள். இல்லையென்றால் 10 முதல் 15 சதவீதம் வைப்பது இங்கே வழக்கம், வையுங்கள். கார்டை எந்த நாணயத்தில் போடட்டும் என்று மெஷின் கேட்டால் பெசோவையே அழுத்துங்கள். மெக்சிகோ சட்டப்படி டிப்ஸ் விருப்பம் மட்டுமே, காட்டும் விலை வரியோடு சேர்ந்த விலையாக இருக்க வேண்டும். வாக்குவாதம் வந்தால் நுகர்வோர் அலுவலகமான ப்ரோஃபெக்கோவின் பெயரைச் சொல்லுங்கள், எண் 800 468 8722. பெரும்பாலும் பெயரைச் சொன்னாலே குரல் இறங்கிவிடும்.

சரி, எங்கேதான் சாப்பிடுவது? கடலுக்கு முதுகைக் காட்டி நடங்கள். கண்ணாடியில் 'பிதியால்' (Pitillal) என்று எழுதிய பஸ் வரும், ஏறிவிடுங்கள். தேவாலயம், சதுக்கம், சுற்றிலும் தெருக்கடைகள் என்று ஊர்க்காரர்கள் வாழும் பகுதி அது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் மலெகோன் என்ற கடற்கரை நடைபாதைக்கு வடக்கே உள்ள சிங்கோ தே திசியெம்ப்ரே பகுதியின் உள்தெருக்கள் போதும். கடை அசலா என்பதைப் போர்டு சொல்லாது, நேரம் சொல்லும். பிர்ரியா என்ற காரசாரக் கறிக்குழம்பு காலை உணவு, மதியத்துக்குள் சட்டி காலி. மீன், இறால் வண்டிகள் பகலோடு சரி. போண்டா எனப்படும் சின்ன மெஸ்களில் பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை கொமீதா கொர்ரீதா: சூப், சோறு, ஒரு குழம்பு வகை, பீன்ஸ், சுடச்சுட தோர்தியா என்ற சோள ரொட்டி, கூடவே ஒரு ஜூஸ். புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டுத் தருவார்கள், முகம் சுளிக்காமல் குடித்துப் பாருங்கள். பொசோலே என்ற சோளமும் கறியும் போட்ட சூப் வேண்டுமென்றால் மாலையில் திறக்கும் செனதூரியா என்ற இரவுச் சாப்பாட்டுக் கடை. கம்பியில் சுட்ட பன்றிக்கறியைச் சீவி வைக்கும் அல் பஸ்தோர் தாக்கோ இருட்டிய பிறகு. இது அத்தனையையும் காலை முதல் இரவு வரை படம் போட்ட மெனுவில் விற்கிற கடைக்குள் நான் நுழைய மாட்டேன்.

சைவக்காரர்களுக்குத் தனியாக: சோற்றைப் பல இடங்களில் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்றால் அவர்கள் கறித்துண்டை மட்டும்தான் எடுத்துவிடுவார்கள். "சின் மாந்தேக்கா, சின் கால்தோ தே போயோ" என்று கொழுப்பையும் கோழிச் சாற்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். பூசணிப்பூ வைத்த கேசதியா (சீஸ் வைத்து மடித்த தோர்தியா), சப்பாத்திக்கள்ளி மடல் வதக்கல் இரண்டும் கிடைக்கும், எனக்குக் கள்ளிதான் பிடிக்கும். நம் சௌசௌவுக்கும் பூர்வீகம் இந்தப் பக்கம்தான்.

மலெகோனை நான் முழுசாக ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கே சுரைக்குடுக்கையோடு துபா விற்பவர்கள் நிற்பார்கள். தென்னம்பாளை சீவி இறக்கிய இனிப்புச் சாறு. மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கொண்டுவந்த பழக்கம் என்கிறார்கள். முதல் மடக்கிலேயே ஊர்ப் பதநீர் ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும். அதில் எதற்கு ஆப்பிளையும் வால்நட்டையும் நறுக்கிப் போடுகிறார்கள் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வேண்டாமென்று சொன்னால் போடாமல் தருவார்கள்.

கையில் 20, 50 பெசோவாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் துப்பும் 500 பெசோ நோட்டைத் தாக்கோ வண்டியில் நீட்டினால் சில்லறைக்கு அவர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டும், வரிசையில் இருப்பவர்கள் உங்களை முறைப்பார்கள்.